மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் மீது எந்த விசை செயல்படுகிறது?

வகுப்பாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். விசையும் இயக்கமும் பற்றிய பாடத்தை முடித்த பிறகு, நேர் மேலாக எறியப்பட்ட ஒரு பந்தின் படத்தைக் கொடுத்து, அது மேலே போகும்போது, உச்சியில் இருக்கும்போது, கீழே வரும்போது என மூன்று நிலைகளிலும் அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் வரையுமாறு மாணவர்களிடம் சொன்னேன். வரையறைகளைப் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் உட்படப் பெரும்பாலோர் ஒரே மாதிரியான படத்தையே வரைந்திருந்தார்கள். மேலே போகும் பந்துக்கு மேல்நோக்கிய பெரிய அம்பும் கீழ்நோக்கிய சிறிய அம்பும் இருந்தன. உச்சியில் இரண்டும் சமமாக இருந்தன. கீழே வரும்போது கீழ்நோக்கிய அம்பு பெரிதாகியிருந்தது.

மேல்நோக்கிய அம்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது, "கை கொடுத்த விசை, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து போகிறது" என்று விளக்கினார்கள். அந்த விடை தவறு என்று சொல்லிவிட்டுச் சரியான படத்தைக் கரும்பலகையில் வரைவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால், அடுத்த தேர்வில் சரியான படத்தை வரைந்துவிட்டு மனத்துக்குள் பழைய படத்தையே வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம். இந்தக் கருத்தை வேரோடு மாற்றுவதற்கு எந்த வழியில் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சாய்தளம் எழுதியது:

முதலில் விடையைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பந்து கையை விட்டு நீங்கிய கணத்திலிருந்து மீண்டும் கையைத் தொடும் கணம் வரை, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதன் மீது செயல்படுவது ஒரே ஒரு விசைதான். அது புவியின் ஈர்ப்பு விசை. மூன்று நிலைகளிலும் அதன் திசை கீழ்நோக்கியது, அளவும் ஒன்றே. ஆகவே மூன்று படங்களிலும் ஒரே நீளமுள்ள ஒரு கீழ்நோக்கிய அம்பு மட்டுமே இருக்க வேண்டும்.

இதை மாணவர்களுக்குக் காட்ட எண்களே சிறந்த துணை. கணக்கை எளிமையாக்குவதற்காகப் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்பதற்குப் பதிலாக 10 மீ/வி² என்று கொள்வோம். பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்பினால், ஒரு நொடி கழித்து அதன் வேகம் 10 ஆகவும், இரண்டாம் நொடியின் முடிவில் சுழியாகவும் இருக்கும். அப்போது அது 20 மீட்டர் உயரத்தில் இருக்கும். மூன்றாம் நொடியின் முடிவில் கீழ்நோக்கி 10, நான்காம் நொடியின் முடிவில் கீழ்நோக்கி 20 என்று ஆகும். ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் கீழ்நோக்கி 10 மீ/வி அளவுக்கு மாறுகிறது. மேலே போகும்போதும் அப்படியே, உச்சியைக் கடக்கும்போதும் அப்படியே, கீழே வரும்போதும் அப்படியே. மாற்றம் சீராக இருக்கிறது என்றால், மாற்றத்தை உண்டாக்கும் விசையும் மாறாமல் இருக்கிறது என்றுதான் பொருள்.

உச்சியில் விசைகள் சமன் செய்யப்பட்டுவிட்டன என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஓய்வில் இருக்கும் ஒரு பொருளின் மீது தொகுபயன் விசை (எல்லா விசைகளும் சேர்ந்து தரும் மொத்த விசை) சுழியானால் அப்பொருள் என்ன செய்யும்? "ஓய்விலேயே இருக்கும்" என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் உச்சிக்குப் போன பந்து அங்கேயே தங்கிவிட வேண்டும் அல்லவா? வேகம் சுழி என்பதும் விசை சுழி என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்பதை இந்தக் கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு தந்தை எழுதியது:

என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள்; இந்த இழையை இருவரும் சேர்ந்து படித்தோம். சாய்தளம் அவர்களின் கணக்கு புரிகிறது. ஆனாலும் அவளுக்கும் எனக்கும் ஓர் ஐயம் நீங்கவில்லை. கை பந்தைத் தொடவில்லை, மேல்நோக்கிய விசை எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பந்து ஏன் இரண்டு நொடிகள் மேலேயே போகிறது? அதைத் தூக்கிச் செல்வது எது? ஏதோ ஒன்று அதற்குள் இருந்தால்தானே அது போக முடியும்?

நிலைமம் எழுதியது:

தாங்கள் கேட்ட கேள்வியை மனித இனம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பொறுமையாகவே எழுதுகிறேன்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், ஒரு பொருள் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கருதினார். எறிந்த கல் கையை விட்ட பிறகும் போவதற்குச் சுற்றியுள்ள காற்று தள்ளுவதே காரணம் என்று விளக்கம் தந்தார். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஃபிலோபோனஸ் அதை மறுத்து, எறிபவர் பொருளுக்குள்ளேயே ஓர் இயக்கு ஆற்றலைப் பதிய வைக்கிறார் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த புரிடான் அதே கருத்தை மேலும் வளர்த்தார். "கை கொடுத்த விசை பந்துக்குள் இருக்கிறது" என்று எழுதும் மாணவர் ஏறத்தாழ ஃபிலோபோனஸ் நின்ற இடத்தில் நிற்கிறார். அது கவனக்குறைவால் வந்த விடை அன்று. அன்றாட அனுபவத்தை நேர்மையாகக் கவனித்ததால் வந்த விடை. ஆசிரியர்கள் அதை மதித்தே திருத்தத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கேள்வியையே தலைகீழாக்கியவர் கலிலியோ. ஒரு சாய்தளத்தில் உருட்டிவிட்ட குண்டு, எதிரே உள்ள மற்றொரு சாய்தளத்தில் ஏறக்குறைய கிளம்பிய உயரத்துக்கே ஏறுகிறது. இரண்டாவது தளத்தின் சரிவைக் குறைத்தால் அதே உயரத்தை எட்டக் குண்டு இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். சரிவே இல்லாமல் கிடையாக்கிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் என்று ஒன்று இல்லாததால், உராய்வும் இல்லை என்று கொண்டால், குண்டு நிற்பதற்குக் காரணமே இருக்காது. இங்கேதான் திருப்பம் நிகழ்கிறது. "இயங்கும் பொருள் ஏன் இயங்கிக்கொண்டே இருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை, "இயங்கும் பொருள் ஏன் நிற்கிறது, ஏன் திரும்புகிறது, ஏன் வேகம் கூடுகிறது?" என்பதே விடை தேட வேண்டிய கேள்வி. நியூட்டன் 1687இல் வெளியிட்ட இயக்க விதிகளில் முதல் விதி இதைத்தான் சொல்கிறது.

பந்து மேலே போவதற்கு அதன் திசைவேகமே போதும். அந்தத் திசைவேகத்தைக் கை கொடுத்தது. கொடுக்கும்போது விசை செயல்பட்டது. கொடுத்து முடித்ததும் அந்த விசை முடிந்துவிட்டது. பந்தோடு செல்வது உந்தம், அதாவது நிறையும் திசைவேகமும் சேர்ந்த பெருக்கல். தாங்கள் "ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது" என்று உணர்வது இந்த உந்தத்தைத்தான். அந்த உணர்வு சரியானதே. அதற்கு விசை என்று பெயரிடுவது மட்டுமே சிக்கலை உண்டாக்குகிறது.

ஒரு தந்தை எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் தரையில் ஒரு கனமான பெட்டியைத் தள்ளும்போது, தள்ளுவதை நிறுத்தியவுடன் அது நின்றுவிடுகிறதே என்று மகள் கேட்கிறாள்.

நிலைமம் எழுதியது:

மிக நல்ல கேள்வி. இந்தத் தவறான கருத்து பிறக்கும் இடமே அதுதான். பெட்டி சீரான வேகத்தில் நகரும்போது அதன் மீது கிடையாக இரண்டு விசைகள் உள்ளன: தங்கள் மகள் முன்னோக்கித் தள்ளும் விசை, தரை பின்னோக்கித் தரும் உராய்வு விசை. இரண்டும் சமம், தொகுபயன் விசை சுழி, ஆகவே வேகம் மாறவில்லை. தள்ளுவதை நிறுத்தினால் உராய்வு மட்டும் எஞ்சுகிறது. அது பெட்டியை நிறுத்துகிறது. உராய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை, தள்ளும் கை தெரிகிறது. அதனால் "விசை இல்லாததால் நின்றது" என்று தோன்றுகிறது. உண்மையில் ஒரு விசை இருந்ததால்தான் அது நின்றது.

வகுப்பாசிரியை எழுதியது:

இந்த விளக்கங்களை வைத்து இன்று வகுப்பில் ஒரு நிபந்தனையை விதித்தேன். எந்த அம்பை வரைந்தாலும், அந்த விசையைத் தரும் பொருள் எது, பெறும் பொருள் எது என்று அம்பின் பக்கத்தில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அம்பை அழித்துவிட வேண்டும். "புவி பந்தின் மீது" என்று கீழ்நோக்கிய அம்புக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். மேல்நோக்கிய அம்புக்கு "கை பந்தின் மீது" என்று எழுதத் தொடங்கியவர்கள், கை பந்தைத் தொடவே இல்லை என்பதைப் படத்தில் தாங்களே பார்த்தார்கள். கை தருவது தொடு விசை, தொடாமல் அதைத் தர முடியாது என்று ஒரு மாணவி சொன்னபோது, நான் விளக்கம் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. இது இவ்வளவு எளிய கருவி என்றாலும், நான் கண்டவற்றுள் இதுவே மிகுந்த பயன் தருகிறது.

அதே வகுப்பில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. கனமான பந்தைப் புவி அதிக விசையுடன் இழுக்கிறது என்றால், அது இலேசான பந்தை விட விரைவாக விழ வேண்டும் அல்லவா என்று கேட்டார்கள்.

சாய்தளம் எழுதியது:

அதிக விசையுடன் இழுக்கிறது என்பது முழு உண்மை. அதை மறுக்கக் கூடாது. 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை 9.8 நியூட்டன், 5 கிலோகிராம் பொருளின் எடை 49 நியூட்டன். ஆனால் ஐந்து மடங்கு நிறையுள்ள பொருளின் இயக்க நிலையை மாற்றுவதும் ஐந்து மடங்கு கடினம். ஐந்து மடங்கு விசை, ஐந்து மடங்கு நிலைமம். வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் முடுக்கம் 9.8 மீ/வி² தான்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றை இறுகக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடச் சொல்லுங்கள். எடை இரண்டுக்கும் சமம். ஆயினும் உருண்டை முந்திவிடும். வேறுபாட்டுக்குக் காற்றின் தடையே காரணம், எடை காரணமன்று என்பது அங்கேயே தெளிவாகும். காற்று இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அப்பல்லோ 15 பயணத்தின்போது, 1971 ஆகஸ்ட் 2 அன்று, டேவிட் ஸ்காட் நிலவின் மேற்பரப்பில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தக் காணொளியை வகுப்பில் காட்டுங்கள். அதில் சுத்தியல் விழும் வேகம் மெதுவாகத் தெரிவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.6 மீ/வி² அளவுதான். 40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் புவியில் 392 நியூட்டன் எடை கொண்டவர்; நிலவில் அவருடைய எடை சுமார் 65 நியூட்டனாகக் குறையும். நிறை இரண்டு இடங்களிலும் 40 கிலோகிராமாகவே இருக்கும்.

புதிய உறுப்பினர் எழுதியது:

நான் பாடம் நடத்தும்போது, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு மேசை மீதுள்ள புத்தகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். புவி புத்தகத்தைக் கீழே இழுப்பது செயல்விசை, மேசை புத்தகத்தை மேலே தாங்குவது எதிர்விசை. வகுப்பாசிரியை அவர்களின் முறைப்படி இந்தப் படத்தை எழுதினால் எப்படி அமையும்?

நிலைமம் எழுதியது:

அந்த முறைப்படி எழுதிப் பார்த்தால் இந்த இணை பொருந்தாது என்பது தெரியவரும். "புவி புத்தகத்தின் மீது", "மேசை புத்தகத்தின் மீது" என்று எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு விசைகளும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. அவை சமன் செய்யப்பட்ட விசைகள். செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும். "புவி புத்தகத்தின் மீது" என்பதற்கு இணை "புத்தகம் புவியின் மீது". "மேசை புத்தகத்தின் மீது" என்பதற்கு இணை "புத்தகம் மேசையின் மீது". தருபவரையும் பெறுபவரையும் இடம் மாற்றி எழுதினால் சரியான இணை தானாகவே கிடைத்துவிடும். மேசையைத் திடீரென்று விலக்கினால் மேசையின் விசை மறைந்துவிடும், ஈர்ப்பு விசையோ அப்படியே இருக்கும். உண்மையான இணையில் ஒன்று மட்டும் மறைய வழியே இல்லை.

அப்படியானால் நம் பந்தும் புவியை மேல்நோக்கி இழுக்கிறதா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இழுக்கிறது, அதே அளவு விசையுடன் இழுக்கிறது. 150 கிராம் பந்தின் எடை ஏறத்தாழ 1.5 நியூட்டன். அதே 1.5 நியூட்டன் விசை, சுமார் 6×10²⁴ கிலோகிராம் நிறையுள்ள புவியின் மீது செயல்படும்போது உண்டாகும் முடுக்கம் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. விசைகள் சமம், விளைவுகள் சமமல்ல. நிறையுள்ள எந்த இரண்டு பொருள்களுக்கும் இது பொருந்தும். 50 கிலோகிராம் நிறையுள்ள இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால் அவர்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு விசை, தோராயமாக, ஒரு நியூட்டனைக் கோடி பங்காக்கி அதில் இரண்டு பங்குகூட வராது. அத்தகைய மெல்லிய விசையையும் ஆய்வகத்தில் ஈயக் குண்டுகளைக் கொண்டு 1798இல் கேவண்டிஷ் அளந்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஒரு தந்தை எழுதியது:

மகளின் அடுத்த கேள்வி. ஈர்ப்பு விசை எப்போதும் செயல்படுகிறது என்றால், விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்றுதான் நானும் சொல்லி வந்தேன்.

சாய்தளம் எழுதியது:

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. புவியின் ஆரம் சுமார் 6,400 கிலோமீட்டர். ஆகவே புவியின் மையத்திலிருந்து பார்த்தால் அந்நிலையம் நம்மை விடப் பெரிதும் விலகிப் போய்விடவில்லை; அங்கே ஈர்ப்பு முடுக்கம் இன்னும் 8.7 மீ/வி² அளவுக்கு இருக்கிறது. தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு. ஈர்ப்பு விசை இல்லாமலிருந்தால் நிலையம் புவியைச் சுற்றவே முடியாது. முதல் விதிப்படி நேர்க்கோட்டில் போய்விடும்.

நியூட்டன் இதற்கு அருமையான ஒரு கற்பனையைத் தந்தார். மிக உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைக் கிடையாகச் சுடுகிறோம். வேகம் கூடக் கூடக் குண்டு தொலைவில் போய் விழும். எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் நொடியில் 4.9 மீட்டர் கீழே வருகிறது. புவியின் பரப்போ 7.9 கிலோமீட்டர் தூரத்துக்கு அதே 4.9 மீட்டர் அளவுக்கு வளைந்து தாழ்கிறது. ஆகவே, காற்றின் தடை இல்லை என்று கொண்டால், நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரையும் அதே அளவு விலகிக்கொண்டே இருக்கும். சுற்றுப்பாதை என்பது முடியாத வீழ்ச்சி. விண்வெளி நிலையம் நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றி வருவதும் இப்படித்தான். நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒரே முடுக்கத்தில் விழுவதால், நிலையத்தின் தரை அவர்களின் காலைத் தாங்குவதில்லை. தாங்கும் விசை இல்லாததையே நாம் எடையின்மையாக உணர்கிறோம்.

வகுப்பில் இதைக் காட்ட, ஒரு நெகிழிப் புட்டியின் பக்கவாட்டில் அடிப்பகுதிக்கு அருகே துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். கையில் பிடித்திருக்கும்போது துளை வழியே நீர் பீறிடும். புட்டியைக் கைவிட்டால், அது விழும் நேரம் முழுவதும் நீர் வெளியே வராது. ஈர்ப்பு விசை எங்கும் போய்விடவில்லை. புட்டியும் நீரும் சேர்ந்தே விழுவதால் அடியில் உள்ள நீரை மேலே உள்ள நீர் அழுத்துவதில்லை.

வகுப்பாசிரியை எழுதியது:

புட்டிச் சோதனையை நாளையே செய்யப் போகிறேன். அதற்குப் பிறகு மாணவர்களின் புரிதலைச் சோதிக்க ஒரு புதிய கேள்வி வேண்டும். பழைய படத்தையே மீண்டும் கொடுத்தால் மனப்பாடமாக வரைந்துவிடுவார்கள்.

நிலைமம் எழுதியது:

பந்தை நேர் மேலாக எறியாமல் சாய்வாக எறிந்ததாகப் படம் கொடுங்கள். வளைந்த பாதையில் ஐந்து புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் விசைக்கு ஒரு நிறத்திலும் திசைவேகத்துக்கு வேறொரு நிறத்திலும் அம்பு வரையச் சொல்லுங்கள். பாதையின் திசையிலேயே விசை அம்பை வளைத்து வரைபவருக்குப் பழைய கருத்து இன்னும் இருக்கிறது என்று அறியலாம். சரியான படத்தில் ஐந்து புள்ளிகளிலும் விசை அம்பு நேர் கீழ்நோக்கி, ஒரே நீளத்தில் இருக்கும். திசைவேக அம்பு மட்டும் பாதையைத் தழுவித் திரும்பிக்கொண்டே வரும். உச்சிப் புள்ளியில் திசைவேகம் சுழி என்று யாராவது எழுதினால் அதையும் கவனியுங்கள். கிடைத்திசையில் எந்த விசையும் இல்லாததால் அந்தத் திசையில் பந்தின் வேகம் மாறுவதில்லை. ஆகவே சாய்வாக எறிந்த பந்து உச்சியிலும் நிற்பதில்லை, முன்னோக்கிப் போய்க்கொண்டுதான் இருக்கும்.